இல்லாதவர் பெயரில் ஒரு இணைப்பு

அத்தியாயம் 3

இதற்கு முன் சொன்ன இரண்டு வழக்குகளையும் நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். இதிலும் நான் வாயடிக்கத்தான் செய்தேன். பாதி வழிக்கு மேல் எனக்கே வாய் ஓடவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

புதிதாக வந்தவர்களுக்காக: என் பெயர் கொளஞ்சியப்பன், ஊர் மேல்பட்டாம்பாக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் 'கார்த்யாயினி துப்பறியும் நிலையம்' என்று ஒரு போர்டு தொங்கும். போர்டில் இருப்பவர் முதலாளி, போர்டைத் துடைப்பவன் நான். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை குடிப்பானா, சொன்ன வேலை நிஜமா என்று விசாரித்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பில் முக்கால் பாகம். கார்த்யாயினி மேடம் அந்தக் காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். ஊர் உலகத்தின் பேச்சை எல்லாம் இருபது வருஷம் காதில் வாங்கியவருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது.

அன்று வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். முப்பது, முப்பத்தொன்று வயசு இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"என் பேரு மதுரா. செம்மண்டலத்துல புதுசா வீடு கட்டி, போன வெள்ளிக்கிழமைதான் பால் காய்ச்சினேன். வீட்டுலேர்ந்தே பாக்கற வேலை எனக்கு. நெட் வேணும்னு கேட்டா, அந்த முகவரியில ஏற்கெனவே ஒரு கனெக்‌ஷன் இருக்குன்னு சொல்றாங்க."

"அதுக்கு கஸ்டமர் கேர் இருக்குங்களே. நாங்க துப்பறியறவங்க, வயர் இழுக்கறவங்க இல்ல" என்றேன்.

"என் வீட்டுக்காரர் பேர்ல இருக்கு."

"அப்ப அவரையே கேட்டா முடிஞ்சுது."

"அவர் கடலுக்குப் போயி பதினாலு மாசம் ஆகுது. இன்னும் வரலை."

நான் எதிரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு மனப்பாடம்: எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டு வா.

தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள். கணவன் பெயர் ராஜகணேஷ். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, தேவனாம்பட்டினத்தில் இருக்கும் சினேகிதனின் படகில் சும்மா ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினான். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. மூன்றாம் நாள் சினேகிதனின் உடம்பு கரை ஒதுங்கியது. ராஜகணேஷ் மட்டும் கிடைக்கவே இல்லை. போலீஸ் காகிதத்தில் இன்றைக்கும் அவன் 'காணவில்லை'தான்.

"இந்த கனெக்‌ஷன் வாங்கி நாலு மாசம்தான் மேடம் ஆகுது" என்று மதுரா ஃபைலைத் திறந்து காட்டினாள். "பதினாலு மாசமா இல்லாதவர் நாலு மாசம் முன்னாடி எப்படி வாங்குவார்? அவர் பேரு, அவர் ஆதாரு. எனக்கு நெட்டு வேணாம் மேடம். அவர் இருக்காரா இல்லையா, அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

இருக்கிறார் என்று சொல்லுங்கள் என்று அவள் கேட்கவில்லை. முகம் முழுக்க அதுதான் எழுதியிருந்தது.

"அவுங்க வீட்டுப் பக்கம் யாரு இருக்காங்க?" என்று கேட்டார் மேடம்.

"மாமியார் காலமாயிட்டாங்க. மாமா மட்டும்தான், சிதம்பரத்துல. அவர்கிட்ட நான் பேசறதில்லை." கிளாசை மேஜையில் வைத்தாள். "ஆறு மாசம் பாத்தாங்க. அப்புறம் தர்ப்பையில ஒரு உருவம் செஞ்சு, மாமாதான் கொள்ளி வச்சார். உடம்பு கிடைக்கலைன்னா அப்படித்தான் செய்யணுமாம். புல்லுக்குக் கொள்ளி வச்சுட்டு, வந்த சொந்தக்காரங்க என்னைத் தாலியைக் கழட்டச் சொன்னாங்க. மாமா ஒரு வார்த்தை பேசாம நின்னுகிட்டு இருந்தார். அன்னிக்கு வெளிய வந்தவதான். அவர் நம்பரைக்கூட அழிச்சுட்டேன்."

கழுத்தில் தாலி இருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

*

செம்மண்டலம் வீட்டில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. அந்தப் பகுதியின் லைன்மேன் இளவரசுவை வரச் சொல்லியிருந்தோம். கேபிள் இழுக்கிற ஆளுக்கே உரிய ஏணி, தோளில் வயர் சுருள், யாரைப் பார்த்தாலும் 'சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்' என்கிற முகம்.

"இந்த வீடுதாங்க. வெளிச்சுவர் வரைக்கும் லைன் இழுத்தேன். அப்ப பூச்சு வேலை நடந்துகிட்டு இருந்துச்சு. மோடத்தை மேஸ்திரிகிட்ட குடுத்துடுங்க, குடி வந்தப்புறம் மாட்டிக்கிறேன்னு கஸ்டமர் போன்ல சொன்னாரு. குடுத்துட்டேன்."

மேஸ்திரிகள் ஒரு பொருளை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும், என் சித்தப்பா ஒரு மேஸ்திரி. பரணில் ஏறிப் பார்த்தேன். மிச்சம் விழுந்த டைல்ஸுக்குப் பின்னால், சிமெண்ட் சாக்குக்குள் பத்திரமாக இருந்தது. டப்பாவின் சீல்கூடப் பிரியவில்லை.

"கஸ்டமரை நீ பாத்திருக்கியா?" என்று மேடம் இளவரசுவைக் கேட்டார்.

"இல்லீங்க. எல்லாம் போன்லதான். ஆதார் நம்பரு, ஓடிபி எல்லாம் வாயாலயே சொன்னாரு. மாசா மாசம் ஒழுங்கா கட்டிடறாரு. ரொம்பத் தங்கமான மனுஷன், ஆனா கம்ப்ளைண்ட்தான் ஜாஸ்தி. நாலு மாசத்துல ஒம்பது. நெட்டு ஸ்லோன்னு நாலு, கட்டாவுதுன்னு மூணு, லைட்டு எரியலைன்னு ரெண்டு."

"சீல் பிரிக்காத டப்பாவுல எந்த லைட்டுப்பா எரியும்?" என்றேன்.

இளவரசு டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நானும் மாட்டியிருப்பாருன்னு நெனச்சேங்க. ஒவ்வொரு தடவையும் ஆபீஸ்லேர்ந்து திருப்பிக் கூப்ட்டா, 'இப்ப சரியாயிடுச்சு, வர வேணாம்'ன்னு சொல்லிடுவாரு. வந்து பாக்கவே விட்டதில்லை."

மேடம் டப்பாவைத் திருப்பி, மேலே ஒட்டியிருந்த கணக்கு எண்ணைக் குறித்துக்கொண்டார். ஒரு நிமிஷம்கூட ஓடாத இணைப்பு. அதற்கு ஒன்பது புகார். புகாரைத் தீர்க்க யாரும் வரவும் கூடாது. என் ஏழு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு திருடனைப் பார்த்ததில்லை.

"அவர் நம்பரைக் குடு."

"எங்களுக்கே தெரியாது மேடம். ஆப்புல பட்டன் ஒண்ணு இருக்கும், அமுக்கினா கம்பெனி வழியா போவும். நம்பர் காட்டாது. கம்ப்ளைண்ட் தொறந்து இருக்கற வரைக்கும்தான் அந்தப் பட்டனும் இருக்கும். நேத்து போட்டது ஒண்ணு இன்னும் மூடலை."

"அமுக்கு. ஸ்பீக்கர்ல போடு."

நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"ஹலோ."

மதுரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், ராஜகணேஷ் சாருங்களா?" என்றான் இளவரசு.

 "யாரு வேணும் உங்களுக்கு?"

"ராஜகணேஷ் சாரு."

"ஆமா, ராஜகணேஷ்தான் பேசுறேன். டெலிபோன் ஆபீஸ்லேர்ந்தா?"

"ஆமா சார். நெட்டு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு தம்பி. உங்க லிஸ்ட்ல என்ன பேரு போட்டிருக்குன்னு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

"ராஜகணேஷ்னுதான் சார் இருக்கு."

"ஆங், சரியாத்தான் இருக்கு. அப்பப்பக் கூப்புடுங்க."

லைன் கட்டானது. புகாரும் அத்தோடு மூடிக்கொண்டது, பட்டன் காணாமல் போனது.

மதுரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவர்தான்" என்றாள். "அவர் குரல்தான் மேடம். எட்டு வருஷம் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? கூப்புடணும்னு நெனச்சேன், வாயி வரலை. ஏன் நான் கூப்புடலை?" என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்.

 ஆள் உயிரோடு இருக்கிறான், எங்கள் வழக்குகளில் முதல் தடவையாக ஒருவர் சந்தோஷப்படப் போகிறார் என்று நினைத்தேன். மேடம் மட்டும் சந்தோஷப்படவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடும்மா. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே."

மதுரா எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். "வீட்டுல ஒண்ணுமே இல்லை. அவர் வந்தா சாப்பிட ஒண்ணுமே வாங்கி வைக்கலை" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனாள்.

*

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் நின்றோம். மேடம் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மாமியார்.

"மாப்ள, இன்னிக்கும் ஒரு பொண்ணு கூப்ட்டுச்சு. உங்களுக்கு அஞ்சு லட்சம் தர்றேங்குது. வாங்கிடவா?"

"வேணாம் அத்தை. வச்சுடுங்க."

"பாவம், ரொம்ப மரியாதையா பேசுது. கொளஞ்சியப்பன் சார், கொளஞ்சியப்பன் சார்னு."

போனை வைத்துவிட்டு, "நான் ஏழையா இருக்கறதுக்குக் காரணம் இதுதான் மேடம். எனக்கு வர்ற லட்சமெல்லாம் மாமியாரு போனுக்குப் போயிடுது" என்றேன்.

மேடம் டீ கிளாசைக் கீழே வைத்தார். "உன்னைக் கேட்டு ஏன் அவுங்களுக்குக் கால் போவுது?"

"அவுங்க சிம்மு என் பேர்லதான மேடம் இருக்கு. சிம் வாங்கப் போனப்ப அவுங்க விரல் ரேகை மெஷின்ல விழலை. நான்தான் என் விரலை வச்சு வாங்கிக் குடுத்தேன். எங்க அம்மா சிம்மும் அப்படித்தான். எங்க பக்கத்துல வயசானவங்க போனு முக்கால்வாசி புள்ளைங்க பேர்லதான் இருக்கும்."

"அப்ப ராஜகணேஷ் பேர்ல எத்தனை சிம் இருக்கும்?"

வாயில் இருந்த டீயை விழுங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"குரல் மேடம்? அந்தப் பொண்ணு சத்தியம் பண்ணுதே."

"எக்ஸ்சேஞ்சுல இருந்தப்ப, மாமனார் எடுத்தது தெரியாம, புருஷன்னு நெனச்சுக் கொஞ்சின பொண்ணுங்க எத்தனை பேரைக் கேட்டிருக்கேன் தெரியுமா? அப்பா குரலும் புள்ளை குரலும் போன்ல ஒண்ணா இருக்கும். வார்த்தை அப்படி இருக்காது. இளவரசைத் தம்பின்னு கூப்ட்டாரு. நெட்டு கம்பெனிக்காரனைப் பாத்து டெலிபோன் ஆபீஸான்னு கேக்கறாரு. முப்பத்தஞ்சு வயசுக்காரன் அப்படிக் கேப்பானா?"

சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அடுத்த கேள்வி வந்தது. "சரி, மாமனார்னே வச்சுக்குவோம். அவரே கொள்ளி வச்சுட்டாரு. செத்துட்டான்னு ஊருக்கே சொன்ன மனுஷன், அவன் பேர்ல எதுக்கு நெட்டு வாங்கணும்?"

"அதுதான் எனக்கும் தெரியலை."

எனக்குத் தெரிந்துவிட்டது. பி.முட்லூர் வருவதற்குள் முழு வழக்கையும் முடித்துவிட்டேன். வீடு! மகன் பெயரில், அந்த முகவரியில் நாலு பில் சேர்ந்தால் அதை வைத்துக்கொண்டு நாளைக்கு வீட்டில் பங்கு கேட்கலாம். மருமகளை வெளியே தள்ளலாம். கிழவர் பலே ஆள். நான் சொன்னதை எல்லாம் மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார், மறுக்கவில்லை.

வெள்ளாற்றுப் பாலத்தில் மதுரா கூப்பிட்டாள். "அண்ணா, எதாவது தெரிஞ்சுதா?"

"விசாரிச்சுகிட்டு இருக்கோம்மா."

"ஒண்ணும் அவசரமில்லை. அவருக்குப் புடிச்ச வத்தக்குழம்பு வச்சிருக்கேன். அது நாளைக்குன்னாலும் நல்லா இருக்கும்" என்றாள். அவள் குரலில் இருந்த தெம்பைக் கேட்டதும், கிழவரை நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

*

கீழ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வாடகை வீடு. ஆனந்தநடராஜன் என்று கேட்டதும் காட்டினார்கள். அறுபத்தெட்டு வயசு இருக்கலாம். துவைத்து மடித்த சட்டை, நெற்றியில் விபூதி, நேரான முதுகு. மதுராவிடமிருந்து வருகிறோம் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நல்லா இருக்காளா?"

"இருக்காங்க. வீட்டுக்காரரைத்தான் தேடிகிட்டு இருக்காங்க" என்றார் மேடம்.

அவர் முகம் இறுகியது. "அவன் போயிட்டான்மா. கூடப் போனவன் உடம்பே மூணாம் நாள் வந்துடுச்சு. இவன் மட்டும் எங்க இருப்பான்? செய்ய வேண்டிய காரியமெல்லாம் என் கையால செஞ்சு முடிச்சாச்சு. அந்தப் பொண்ணுதான் புரிஞ்சுக்க மாட்டேங்குது. சின்ன வயசு. எத்தனை நாளைக்கு வாசலையே பாத்துகிட்டு இருக்கும்? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அதில் ஒரு பிசிறு இல்லை. குரல் மட்டும்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் ஸ்பீக்கரில் கேட்ட அதே குரல். நாலு கேள்வியில் முதல் கேள்வியை நான் எடுப்பதற்குள், மேடம் என் முழங்காலில் தட்டினார். தன் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கணக்கு எண். புகார் வகை: நெட் வரவில்லை. அனுப்பு.

பிறகு அவரிடம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தாராம். சமையல் தானேதானாம். பத்து நிமிஷம் போயிருக்கும். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுத்துத் திரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "ஒரு நிமிஷம்" என்று எழுந்து பின்கட்டுக்குப் போனார். நடை வேகமாக இருந்தது. வயசானவர்கள் வைப்பது போலப் போனின் சத்தத்தை முழுசாக வைத்திருந்தார், அதனால் இரண்டு பக்கமும் எங்களுக்குக் கேட்டது.

"வணக்கம் சார், ராஜகணேஷ் சார்கிட்ட பேசலாங்களா?" ஒரு பெண் குரல்.

"ஆமா. ராஜகணேஷ்தான் பேசுறேன்."

"எப்படி இருக்கீங்க சார்?"

"நல்லா இருக்கேன்மா. ரொம்ப நல்லா இருக்கேன்."

அந்த நாலு கேள்வியும் எனக்கு மறந்தே போய்விட்டது. வீடு, பங்கு, பில் என்று நான் பஸ்ஸில் கட்டிய கோட்டையை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் திரும்பி வந்தபோது மேடம் எழுந்து நின்றிருந்தார்.

"அந்தக் கம்ப்ளைண்ட்டைப் போட்டது நான்தாங்க" என்றார் மேடம்.

அவர் மறுக்கவில்லை. நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"இந்த சிம்மு அவன் வாங்கிக் குடுத்தது. என் ரேகை விழலைன்னு அவன் பேர்லயே வாங்கினான். அவன் போனதுக்கப்புறம் யாரு யாரோ கூப்ட்டாங்க. நேர்ல வந்தும் கேட்டாங்க. எல்லாருக்கும் பதில் சொன்னேன். காரியம் ஆச்சுன்னு சொல்லுவேன், நடந்தது நடந்துடுச்சுன்னு சொல்லுவேன். நாலு மாசம் முன்னாடி ஒரு பொண்ணு கூப்ட்டுச்சு. ராஜகணேஷ் சாரு, எப்படி இருக்கீங்கன்னு கேட்டுச்சு. எத்தனை நாளாச்சு அவனை யாராச்சும் எப்படி இருக்கேன்னு கேட்டு. நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன். சொன்னதும் அன்னிக்குப் பூரா, அவன் எங்கயோ நல்லா இருக்கற மாதிரியே இருந்துச்சு. புது வீட்டுக்கு நெட்டு வேணுமா சார்னு கேட்டுச்சு. வேணும்னேன். அவன் மனை வாங்கின செம்மண்டலம் அட்ரஸையும், வீட்டுல இருந்த அவன் ஆதார் நம்பரையும் சொன்னேன். அவன் இருந்தா வாங்கியிருப்பான்தானே."

"கம்ப்ளைண்ட் போட்டா திருப்பிக் கூப்புடுவாங்க" என்றார் மேடம்.

"ஆமா. பேரைச் சொல்லிக் கூப்புடுவாங்க."

நான் ஏதாவது சொல்லி அந்த இடத்தைச் சரி செய்துவிடலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"நீங்கதானே கொள்ளி வச்சீங்க?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"ஊரு சொல்லிச்சு, செஞ்சேன். மந்திரம் அய்யர் சொன்னாரு. அவன் இல்லைன்னு இந்த வாயால நான் இன்னும் ஒருத்தர்கிட்டயும் சொல்லலைம்மா. இவ்வளவு நேரம் உங்ககிட்ட பேசினேனே, போயிட்டான்னுதான் சொன்னேன். போனவன் வரலாம்ல."

மேடத்துக்குச் சொல்ல மனமில்லை என்று தெரிந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும். "இன்னிக்குக் காலையில லைன்மேன் கூப்ட்டப்ப, பக்கத்துல மதுரா இருந்துச்சு. ஸ்பீக்கர்ல கேட்டுச்சு."

"என்ன கேட்டா?"

"உங்க குரலை. அவர்னு நெனச்சுகிட்டு இருக்கு. சமைச்சு வச்சுகிட்டு உக்காந்திருக்கு."

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நேரான முதுகு வளைந்து நான் பார்த்தது அப்போதுதான். "அவன் உயிரோட இருக்கும்போதே எங்க ரெண்டு பேர் குரலும் அவளுக்குப் பிரிச்சுத் தெரியாதும்மா. நான் கூப்ட்டா 'என்னங்க'ன்னு ஆரம்பிச்சுடுவா. அதனாலயே நான் எடுத்ததும், மாமா பேசுறேன், மாமா பேசுறேன்னு முதல்ல சொல்லிடுவேன். ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்."

என் போன் அடித்தது. மதுரா. நான் எடுக்கவில்லை. வெளியே போய் வாசலில் நின்றேன். மேடமும் வந்தார்.

"மேடம், சொல்லாம விட்டா என்ன? யாரோ ஆதாரை வச்சு ஏமாத்திட்டான், ஆளு கிடைக்கலைன்னு சொல்லிடலாம். அந்தப் பொண்ணு நம்பிக்கையோட இருந்துட்டுப் போவட்டுமே."

"இன்னிக்கு ராத்திரி அது கதவைத் தாழ்ப்பாள் போடாம படுக்கும் கொளஞ்சி. அதுக்கப்புறம் எல்லா ராத்திரியும் அப்படித்தான் படுக்கும். நீ பாத்துக்குவியா?"

திரும்பி உள்ளே போனோம். கார் பிடித்து அவரையும் கடலூருக்குக் கூட்டிப்போய், நேரில் சொல்லலாம் என்றார் மேடம். அவர் தலையை ஆட்டினார்.

"ஒன்னரை மணி நேரம் ஆவும். அவ்வளவு நேரம் அவ நெனச்சுகிட்டே இருக்கணுமா? அவ நம்பரைச் சொல்லுங்க. நானே சொல்லிடறேன்."

"உங்ககிட்ட இல்லையா?" என்றேன்.

"இருக்கு. எட்டு மாசமா எடுத்து எடுத்துப் பாத்திருக்கேன். மாத்தியிருப்பாளோன்னுதான்."

மாற்றவில்லை. அவரே அழுத்தினார். முதல் மணி முடிவதற்குள் எடுத்தாள். அவள் அழித்துவிட்ட நம்பர், யாரென்று அவளுக்குத் தெரியாது. காலையிலிருந்து எந்தத் தெரியாத நம்பருக்காகக் காத்திருந்தாளோ, அது வந்துவிட்டது.

"ஹலோ" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். அவள் 'என்னங்க' என்பதற்கு முன்னால் தான் யார் என்று சொல்லிவிடுவதுதான் அவர் வழக்கம். அன்றைக்கு முதலில் பெயர்தான் வந்தது. "மதுரா."

"என்னங்க" என்றாள் அவள். "எங்க இருக்கீங்க? ஏங்க வரலை?"

கார்த்யாயினி மேடம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடன் வேலை பார்த்த ஏழு வருஷத்தில் அவர் முதுகை அப்படி நான் பார்த்ததில்லை.

"நான் மாமா பேசுறேம்மா" என்றார் கிழவர். "காலையில பேசினதும் நான்தான். அவன் பேர்ல எல்லாம் பண்ணினது நான்தான்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, கேக்குறியா? ராஜகணேஷ் இல்லம்மா." சொல்லிவிட்டு, தானே அதைக் கேட்டவர் போல நின்றார். பிறகு இன்னொரு தடவை, என்னிடமோ மேடத்திடமோ இல்லாமல், வெறும் சுவரிடம் சொன்னார். "என் புள்ளை இல்ல."

அவள் அழவில்லை.  லைன் கட்டாகிவிட்டதோ என்று அவர் போனை எடுத்துப் பார்த்தார். கட்டாகவில்லை.

"நீ என்னைத் திட்டும்மா. திட்டிட்டு வச்சுடு."

"வைக்காதீங்க மாமா" என்றாள் மதுரா.

"என்னம்மா?"

"வைக்காதீங்க. எதாவது பேசுங்க. எதுவா இருந்தாலும் பரவால்லை, பேசிகிட்டே இருங்க. அந்தக் குரலை நான் கேட்டுகிட்டு இருக்கேன்."

 அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றார். பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், தூசு எல்லாம் இங்கேதான் வருகிறது என்றார். நேற்றுக் கத்தரிக்காய் வாங்கினேன், உள்ளே எல்லாம் சொத்தை என்றார். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும் நிறுத்தினார். அந்தப் பக்கம் அவள் அழுகைக்கு நடுவே "ம்" என்றாள். அவர் அடுத்ததைத் தேடிச் சொன்னார்.

நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கினோம். தெருமுனை திரும்பும் வரைக்கும் அவர் பேசுவது கேட்டுக்கொண்டிருந்தது. மின்சாரம் இன்றைக்கு இரண்டு தடவை போனதாம், பால்காரன் நேரத்துக்கு வருவதே இல்லையாம்.